புதுப்பிப்பு: ரெவிட் 2025-ல் மண் தோண்டும் கணக்கு

கட்டிட மாதிரி வரையும் மென்பொருளான ரெவிட்டின் 2024 பதிப்புக்கு மாறலாமா என்ற முந்தைய இழையில், டோப்போசாலிட் (நிலத்தைக் கன அளவுள்ள திடப்பொருளாகக் காட்டுவது) வந்தாலும் அஸ்திவாரக் குழிக் கணக்கை எக்செலிலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்று எழுதியிருந்தேன். 2025 பதிப்பில் எக்ஸ்கவேட் கருவி வந்துவிட்டது. ஃப்ளோர், ரூஃப் அல்லது இன்னொரு டோப்போசாலிடை வைத்து மண்ணை வெட்டலாம், வெட்டிய கன அளவும் தனியாகக் கிடைக்கும்.

5 அடிக்கு 5 அடி ஃபுட்டிங் (தூணின் அடித்தளம்) என்றால், வேலை செய்ய நாலு பக்கமும் ஓரடி விட்டு 7 அடிக்கு 7 அடியில் ஒரு ஃப்ளோர் வரையுங்கள். அதன் அடிமட்டம் பிசிசியின் (ஃபுட்டிங்குக்குக் கீழே போடும் கம்பியில்லாக் கான்கிரீட்) அடியில் நிற்கட்டும். ஆழம் 5 அடி என்றால் 245 கன அடி வரும். இந்த டம்மி ஃப்ளோருக்குத் தனி டைப் வைத்து ஷெட்யூலில் (அளவுப் பட்டியலில்) வராமல் வடிகட்டிவிடுங்கள். இல்லையென்றால் கான்கிரீட் அளவில் சேர்ந்து பில் எகிறும்.

ஆனால் மென்பொருள் குழியின் பக்கங்கள் செங்குத்து. காசிமேடு, திருவொற்றியூர் கடலோர மணலில் அப்படி நிற்காது. ஆழத்தில் அடிக்கு அரையடி வீதம் நாலு பக்கமும் சரிவு விட்டாலே மேல்வாய் 12 அடியாகி, கணக்கு சுமார் 460 கன அடிக்குப் போகும். ஒட்டுச்சுவர் வீடுகளுக்கு நடுவே அந்தச் சரிவுக்கு இடமே இருக்காது; ஷோரிங் (மண் சரியாமல் முட்டுக்கொடுப்பது) செலவைத் தனியாகப் போடுங்கள்.

பழைய ஃபைலில் உள்ள டோப்போசர்ஃபேஸை (கனமில்லாத நிலப்பரப்பு) ஜெனரேட் டோப்போசாலிட் கொடுத்து மாற்றுங்கள். அதற்கு முன் ஃபைலை நகல் எடுங்கள். 2025-ல் சேமித்ததை 2024-ல் திறக்க முடியாது. ஸ்ட்ரக்சர்காரர் பழைய பதிப்பில் இருந்தால் அவரும் மாறும்வரை பொறுங்கள்.