மாவுக்கட்டு பிரித்த பிறகும் அம்மாவால் விரலை மடக்க முடியவில்லை

கொடிவேரி:
அம்மாவுக்கு 61 வயது. ஆடி மாதம் குளியலறையில் வழுக்கிக் கையை ஊன்றி விழுந்ததில் வலது மணிக்கட்டு உடைந்துவிட்டது. ஆபரேஷன் வேண்டாம் என்று இழுத்து நேராக்கிக் கட்டு போட்டார்கள், 6 வாரம் இருந்தது. போன வியாழக்கிழமை பிரித்து, எக்ஸ்ரே பார்த்து, எலும்பு கூடிவிட்டது, இனி வேலை செய்யலாம் என்று அனுப்பிவிட்டார்கள். ஆனால் கை கையாகவே இல்லை. விரல்கள் வீங்கித் தோல் மினுமினுக்கிறது, புறங்கை ஒரு நாள் சூடாகச் சிவக்கிறது, மறுநாள் சில்லிட்டுக் கிடக்கிறது, புடவைத் தலைப்பு பட்டாலே எரிகிறது என்கிறார். சாதம் பிசைய முடியாமல் ஸ்பூனில் சாப்பிடுகிறார், வலியைவிட அதுதான் அவருக்கு வருத்தம். எண்ணெய் போட்டு நீவிவிடுபவர் ஒருவர் இருக்கிறார், போய்ப் பார் என்கிறார் பக்கத்து வீட்டு அத்தை. போகலாமா?

பிசியோ_மதுரை:
போகாதீர்கள். இந்த நிலையில் அழுத்தி நீவினால் வலி கூடும், வலி கூடினால் அம்மா கையை இன்னும் அசைக்காமல் வைத்துக்கொள்வார். நேரில் பார்க்காமல் உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனால் நீங்கள் சொல்வதெல்லாம் சிஆர்பிஎஸ், அதாவது அடிபட்ட பிறகு வலியும் வீக்கமும் அளவுக்கு மீறி நீடிக்கிற நோய், மாதிரி இருக்கிறது. பழைய டாக்டர்கள் சூடெக் என்பார்கள், 1900இல் அதைப் பற்றி எழுதிய ஜெர்மன் மருத்துவரின் பெயர். எலும்பு கூடிவிடும், நரம்புகள் மட்டும் அடி இன்னும் ஆறவில்லை என்பதுபோல நடந்துகொள்ளும். சீக்கிரம் கவனித்தால் பெரும்பாலும் நன்றாகவே தேறுகிறார்கள், தள்ளிப்போட்டால் விரல் கட்டையாகிவிடும். இந்த வாரமே டாக்டரைப் பாருங்கள். உட்காரும்போது கையைத் தலையணை மேல் உயர்த்தி வைக்கட்டும், விரல்களைத் தாங்குகிற அளவுக்கு மணிக்கு ஒருமுறை மடக்கி நீட்டட்டும். எரிகிற இடத்தில் முதலில் பஞ்சு, அப்புறம் மெல்லிய துணி, அப்புறம் துண்டு என்று பழக்குங்கள். ஒன்று கேட்கிறேன், கட்டு இருந்தபோது விரல்களை அசைத்தாரா?

கொடிவேரி:
இல்லை. கட்டோடு கையை அசைத்தால் எலும்பு விலகிவிடும் என்று நாங்கள்தான் பயமுறுத்தி வைத்திருந்தோம். 6 வாரமும் கை தூளியிலேயே தொங்கியது.

பிசியோ_மதுரை:
முக்கால்வாசி வீட்டில் இதே கதைதான், உங்களை மட்டும் சொல்லிப் பயனில்லை. கட்டு மணிக்கட்டுக்குத்தான், விரலுக்கும் தோள்பட்டைக்கும் இல்லை. தோளையும் பாருங்கள், கை தலைக்கு மேலே போகிறதா?

நெல்லை_ராணி:
என் கதை வேறு. மணிக்கட்டில் சின்ன விரிசல்தான், எலும்பு விலகக்கூட இல்லை. கட்டு பிரித்து 10 நாள் இருக்கும், பூ கட்டிக்கொண்டிருந்தேன், கட்டைவிரல் சட்டென்று தொங்கிவிட்டது. வலியே இல்லை, அதனால் இரண்டு நாள் சும்மா இருந்துவிட்டேன். கட்டைவிரலைத் தூக்கும் தசைநாண் அறுந்திருந்தது. மணிக்கட்டுக்குப் பின்னால் ஒரு எலும்புப் புடைப்பைச் சுற்றி வளைந்து போகிற நாண் அது, விலகாத முறிவில்தான் அதிகம் அறுகிறது என்று டாக்டர் சொன்னபோது எனக்கு நம்பிக்கையே வரவில்லை. ஆள்காட்டி விரலை நீட்ட இரண்டு நாண்கள் உண்டாம், அதில் ஒன்றை எடுத்து மாற்றிக் கட்டினார்கள். இப்போது பூ கட்டுகிறேன், முன்பு இருந்த வேகம்தான் இல்லை. அம்மாவை உள்ளங்கையை மேசையில் பதித்துக் கட்டைவிரலை மட்டும் மேலே தூக்கச் சொல்லிப் பாருங்கள் தம்பி.

சாலைப்புறம்:
கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் மூன்றும் ராத்திரியில் மரத்துப்போகிறதா என்றும் கேளுங்கள், மணிக்கட்டு வீக்கத்தில் நடு நரம்பு நசுங்கும். அதோடு, நின்ற இடத்தில் விழுந்து இந்த வயதில் எலும்பு உடைந்தால் எலும்பின் அடர்த்தியைக் கட்டாயம் பார்க்க வேண்டும், டெக்ஸா ஸ்கேன் என்பார்கள். என் மாமியாருக்கு யாரும் சொல்லவில்லை, அடுத்து இடுப்பு உடைந்த பிறகுதான் எடுத்தோம்.

கொடிவேரி:
கட்டைவிரல் தூக்குகிறது ராணி அக்கா, பாதி உயரம்தான், ஆனால் தூக்குகிறது. கை காதுவரை போகிறது, அதற்கு மேல் இல்லை. மரத்துப்போவது பற்றிக் கேட்டால், "ஆமாம், ராத்திரியில் எழுந்து கையை உதறுவேன், அதையெல்லாம் எதற்குச் சொல்ல" என்கிறார்! நாளைக் காலை டோக்கன் போட்டாயிற்று.