மறு: லோட்ஷெட்டிங்: எந்த லோடு, எந்த ஷெட்?

அனைவருக்கும் வணக்கம். இங்கே தென்னாப்பிரிக்காவில் மின்சாரம் பற்றாதபோது பகுதி பகுதியாக முறைவைத்து நிறுத்துவதை லோட்ஷெட்டிங் என்கிறோம். பள்ளிச் சொற்பட்டியலுக்காக அதற்கு ஒரு தமிழ்ச் சொல் தேடிக்கொண்டிருக்கிறோம் அல்லவா, அதன் தொடர்ச்சி இது.

> மின்வெட்டு என்ற நல்ல சொல் கையில் இருக்கும்போது புதுச்சொல் எதற்கு?

என்று பீட்டர்மாரிட்ஸ்பர்க் அண்ணன் கேட்டிருந்தார். நியாயமான கேள்விதான். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன், 2023 ஆடி மாதம் வரை.

அந்த ஆடியில் டர்பனில் எங்கள் சாட்ஸ்வொர்த் பகுதிக் கோயிலில் கூழ் பூசைக்கு அறிவிப்பு எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. ஆங்கிலத்தில் எழுதிவிட்டேன். தமிழில் எழுத நேரமில்லை. கைப்பேசியில் இருந்த ஒரு மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டு, வந்ததை அப்படியே அச்சடித்து வாசலில் ஒட்டினேன். "சுமை கொட்டகை இருந்தால் பூசை முன்னதாகத் தொடங்கும்." எங்கள் பக்கம் தமிழ் படிக்கத் தெரிந்த ஆயாக்கள் சிலர்தான். அவர்களில் ஒருவர் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி இரண்டு தரம் படித்துவிட்டு, "கொட்டகை போடுறாங்களா தம்பி? பந்தல் துணி போன வருசமே கிழிஞ்சு போச்சே" என்றார்.

செயலியை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. ஷெட் என்றால் கொட்டகைதான். அதே எழுத்தில், அதே ஒலியில் இன்னொரு ஷெட்டும் இருக்கிறது. மரம் இலையை உதிர்ப்பது ஷெட். கண்ணீர் சிந்துவது ஷெட். பாம்பு சட்டை உரிப்பது, நாய்க்கு முடி கொட்டுவது, உடம்பு இளைக்க எடையைக் குறைப்பது, எல்லாமே ஷெட். இறந்தகாலத்துக்குக்கூட உருமாறாது. தமிழில் ஒவ்வொன்றுக்கும் தனி வினை இருப்பதால், எதை எடுப்பது என்று நாம்தான் முதலில் முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. இத்தகைய குட்டிச் சொற்களிடம்தான் அகராதிக்காரர்களே திணறுகிறார்கள். ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கிலப் பேரகராதியின் 1989 பதிப்பில் 'செட்' (set) என்ற ஒரு வினைக்கு மட்டும் 430 பொருள்.

லோடும் லேசுப்பட்டதல்ல. அதை நாம் தமிழாகவே ஆக்கிக்கொண்டோம்: ஒரு லோடு மணல், ஒரு லோடு செங்கல், வாஷிங் மெஷினில் ஒரு லோடு துணி. துப்பாக்கியில் ரவை போடுவதும் லோடு, இணையப் பக்கம் வராமல் சுற்றிக்கொண்டே இருப்பதும் லோடு. மின் பொறியாளர் சொல்லும் லோடு இவை எதுவுமில்லை. ஒரே நேரத்தில் நாம் எல்லாரும் கீசர், அடுப்பு, கெட்டில் என்று போட்டு இழுக்கிறோமே, அந்த இழுவைதான் அவருக்கு லோடு. அதற்கு 'மின்சுமை' ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது. அதில் தகராறு இல்லை.

சரி, அண்ணனுக்கு வருகிறேன். மின்வெட்டு என்பது வீட்டுக்காரர் பக்கமிருந்து பார்க்கும் சொல். கேபிள் திருடு போனாலும், பில் கட்டாவிட்டாலும் நமக்கு வெட்டுதான். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் டர்பனில் எத்தனை பேர் நாள்கணக்கில் இருட்டில் கிடந்தோம்! அதுவும் மின்வெட்டு. வெள்ளத்தில் சேதம் அதிகம் என்பதால் அதன்பின் சில மாதம் நம் மாநகராட்சிக்கு லோட்ஷெட்டிங்கிலிருந்து விலக்குக் கொடுத்தார்கள். இதை ஒற்றைச் சொல்லை வைத்து எழுதிப் பாருங்கள்: "கடும் மின்வெட்டு ஏற்பட்டதால் மின்வெட்டிலிருந்து விலக்கு." படிக்கிறவர் என்ன நினைப்பார்?

லோட்ஷெட்டிங்கில் நடப்பது வேறு. உற்பத்தியை மிஞ்சி இழுவை கூடினால், 50 ஹெர்ட்ஸில் நிற்க வேண்டிய அதிர்வெண் இறங்கும். அப்படியே விட்டால் மின்நிலையங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கழன்றுகொண்டு நாடு முழுக்க இருண்டுவிடும். அதற்கு முன் நாட்டின் அரசு மின் நிறுவனமான எஸ்கொம் தானே கொஞ்சம் சுமையைக் கழற்றிவிடுகிறது. தண்ணீர் பற்றாத கோடையில் மரமும் இலையை விட்டுத்தானே உயிரைப் பிடித்துக்கொள்கிறது? அதனால்தான் நான் சுமையுதிர்ப்பு என்கிறேன்.

நீங்கள் எழுதி அனுப்பிய மற்ற சொற்களைப் பற்றி. சுமையிறக்கம் என்றால் டர்பன் துறைமுகத்தில் பெட்டி இறக்குவதுதான் என் கண்ணில் நிற்கிறது. ஊர்ப்பக்கத்துச் சுமைதாங்கிக் கல்லும் நினைவுக்கு வரும். அங்கே சுமையை இறக்கியவர் இளைப்பாறிவிட்டு மறுபடி தூக்கிக்கொண்டு போவார். சுமைக்கழிப்பு பொருளில் நல்ல சொல், கிளை கழிப்பதுபோல. ஆனால் கழிப்பறை ஞாபகம் வருகிறது என்று வெருலம் அக்கா எழுதியதைப் படித்தபின் எனக்கும் அதுதான் வருகிறது. மன்னிக்க வேண்டும், அந்தச் சொல் இனித் தேறாது.

சுமையுதிர்வு என்று எழுதியவருக்கு ஒரு வார்த்தை. இலை உதிர்ந்தது என்றால் தானாக விழுந்தது. உதிர்த்தது என்றால் செய்தவர் ஒருவர் உண்டு. கட்டுப்பாட்டு அறையில் ஆள் உட்கார்ந்து, அட்டவணை போட்டுச் செய்கிற காரியம் இது. உதிர்வு என்று எழுதினால் யாரும் பதில் சொல்ல வேண்டாம் என்றாகிவிடும்.

இன்னொன்று, லோட் ரிடக்‌ஷன். திருட்டு இணைப்புகளால் ஒரு பகுதியின் மின்மாற்றி தாங்காதபோது அந்தப் பகுதியை மட்டும் நெருக்கடி நேரத்தில் நிறுத்துவது. நாட்டில் மின்சாரம் போதுமான அளவு இருந்தாலும் இது நடக்கும். 2024 மார்ச் இறுதிக்குப் பிறகு சுமையுதிர்ப்பு பெரும்பாலும் ஓய்ந்துவிட்டது, இது ஓயவில்லை. சுமைக்குறைப்பு என்று போட்டால் போதும்.

கோயில் அறிவிப்புக்கு மட்டும் நான் சுமையுதிர்ப்பு எழுத மாட்டேன். ஆயா மறுபடி பந்தலைத் தேடுவார். வாய்க்கால் தண்ணீரை முறைவைத்து விடுவதை முறைப்பாசனம் என்பார்கள் இல்லையா, அதுபோல முறைவெட்டு. நம் பேட்டைக்கு இன்று இரண்டு மணி நேரம், பக்கத்துப் பேட்டைக்கு அப்புறம். ஓர் ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் இரண்டா என்று கேட்பீர்கள். இருக்கட்டுமே, பொறியாளருக்கு ஒன்று, வாசலில் ஒட்ட ஒன்று.

மிச்சம் இருப்பது ஸ்டேஜ், எவ்வளவு சுமையை உதிர்க்கிறார்கள் என்று எஸ்கொம் அறிவிக்கும் எண். அதுவும் குட்டிச் சொல்தான். செயலி அதை 'மேடை 4' ஆக்கியது தனிக்கதை. அக்கா 'நிலை' என்கிறார். ஒவ்வொன்றுக்கும் ஏறத்தாழ 1000 மெகாவாட் கூடிக்கொண்டே போவதால் எனக்குப் 'படி' பிடிக்கிறது: நான்காம் படி, ஆறாம் படி. 2023இல் எட்டு வரைதான் அட்டவணை இருந்தது. பதினெட்டுப் படி ஏறுகிறவர்கள் கேலி செய்வார்கள், தெரியும். வெள்ளிக்கிழமைக்குள் மறுப்பு வராவிட்டால் பள்ளிச் சொற்பட்டியலில் சேர்த்துவிடுகிறேன்.