கல்வி ஆய்வும் நம் வகுப்பறையும்: நேரில் கண்டதைப் பகிருங்கள்

களப்பணி ஆய்வாளர்:

கல்விக் கொள்கை, பள்ளித் திட்டமிடல், கற்பித்தல் முறை பற்றிய ஆய்வுகள் நம்மிடம் பெரும்பாலும் சுற்றறிக்கையாகவோ பயிற்சி வகுப்பாகவோ வந்து சேர்கின்றன. அப்படி வந்த ஓர் ஆய்வை ஆசிரியராக, பெற்றோராக, அலுவலராக நீங்கள் நேரில் சந்தித்திருந்தால் இங்கே எழுதுங்கள். எது மாறியது, எது மாறவில்லை, ஏன் என்று சொன்னால் எல்லோருக்கும் உதவும்.

நானே தொடங்குகிறேன். வாசிப்புத் திறன் ஆய்வு ஒன்றுக்காகப் பள்ளி பள்ளியாகச் சென்றவள் நான். எங்கள் கருவி மிக எளியது: சில எழுத்துகள், சில சொற்கள், ஒரு சிறு பத்தி, ஒரு கதை. குழந்தை அருகில் அமர்ந்து உரக்க வாசிக்க வேண்டும். இந்தியாவில் 2005 முதல் பிரதம் என்ற தொண்டு அமைப்பு நடத்திவரும் ‘அசர்’ கணக்கெடுப்பிலும் இதே முறைதான். பலகையில் இருப்பதை அழகாகப் பார்த்தெழுதும் குழந்தைக்கு வாசிக்கத் தெரியுமா என்பது நோட்டுப் புத்தகத்தைப் பார்த்தால் தெரியாது. உரக்க வாசிக்கச் சொன்னால் ஒரே நிமிடத்தில் தெரிந்துவிடும்.

ஒரு பள்ளியில் வேலையை முடித்துத் தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தபோது வகுப்பாசிரியை கேட்டார்: “என் பிள்ளைகள் எந்த நிலையில் இருக்கிறார்கள் என்று எனக்கு எப்போது சொல்வீர்கள்?” எங்கள் திட்டத்தில் அதற்கு இடமே வைக்கப்படவில்லை. வட்டார சராசரி அறிக்கையாக வரும், அதுவும் அந்தக் குழந்தைகள் அடுத்த வகுப்புக்குச் சென்ற பிறகு. அவருக்கு வேண்டியது சராசரி அன்று. மறுநாள் காலையில் எந்தக் குழந்தைக்கு எதைக் கற்பிப்பது என்பதுதான். கருவி பொதுவெளியில் கிடைப்பதே என்பதால் வெற்றுத் தாள் ஒன்றை அவரிடம் கொடுத்து, எப்படிக் கேட்பது, எங்கே நிறுத்துவது என்று காட்டிக்கொடுத்தேன். நான் கிளம்பும் முன்பே அவர் ஒரு சிறுவனை அழைத்து வாசிக்கவைக்கத் தொடங்கிவிட்டார்.

அளந்ததன் பயன் முதலில் ஆசிரியருக்குப் போய்ச் சேர வேண்டும் என்று அன்று முதல் ஒவ்வொரு திட்டக் கூட்டத்திலும் வலியுறுத்துகிறேன். சில இடங்களில் ஏற்கிறார்கள். பல இடங்களில் “இரண்டாம் கட்டத்தில் பார்க்கலாம்” என்கிறார்கள்.

ஆரம்பப் பள்ளி ஆசிரியை:

உங்களைக் கேட்ட அந்த ஆசிரியையின் நிலை எனக்கு நன்றாகப் புரிகிறது. என் வகுப்பு நான்காம் வகுப்பு. கதைப் புத்தகத்தைத் தானாக எடுத்துப் படிக்கும் குழந்தையும், எழுத்துக்கூட்டி ஒரு சொல்லை முடிப்பதற்குள் முதல் எழுத்தை மறந்துவிடும் குழந்தையும் ஒரே பலகையில் உட்கார்ந்திருப்பார்கள். பாடநூல் ஒன்றுதான்.

நிலைக்கேற்ற கற்பித்தல் என்ற திட்டம் எங்கள் பள்ளிக்கு வந்தது. நாள்தோறும் ஒரு மணி நேரம் மூன்று, நான்கு, ஐந்தாம் வகுப்புகளைக் கலைத்து, வயதை விட்டுவிட்டு வாசிப்பு நிலையை மட்டும் பார்த்துக் குழுக்கள் அமைக்க வேண்டும். எழுத்து நிலைக் குழு எழுத்து அட்டைகளோடு தரையில் அமரும். சொல் நிலைக் குழு சொற்களை இணைத்துச் சொந்த வாக்கியம் அமைக்கும். பத்தி நிலையில் இருப்பவர்கள் ஒரு கதையைக் கூடி வாசித்து, அதைப் பற்றிப் பேசி, பிறகு எழுதுவார்கள். கேட்பதற்கு எளிது. நடத்துவதற்கு நிறையப் பேச்சும் பொறுமையும் வேண்டும்.

முதல் சிக்கல் கூச்சம். உயரமாக வளர்ந்த ஐந்தாம் வகுப்புப் பையன் மூன்றாம் வகுப்புக் குழந்தைகளோடு உட்கார மறுத்தான். பயிற்சிக் கையேட்டில் இதற்கு ஒரு வரி கூட இல்லை. குழுக்களுக்கு எண் வைக்காமல் பறவைகளின் பெயர் வைத்தோம். அட்டைகளை எடுத்துக்கொடுக்கும் பொறுப்பையும் கதை சொல்லும் பொறுப்பையும் பெரிய பிள்ளைகளிடம் கொடுத்தோம். சில வாரங்களுக்கு ஒருமுறை மீண்டும் வாசிக்கச் சொல்லிப் பார்த்துக் குழு மாற்றினோம். அந்த மாற்றம்தான் எல்லாவற்றையும் திருப்பியது. ஒரு குழுவிலிருந்து இன்னொரு குழுவுக்குப் போக முடியும் என்று கண்ணால் கண்டபிறகு அந்தப் பையனே “என்னை எப்போது கேட்பீர்கள்?” என்று வந்து நின்றான்.

வாசிப்பில் நல்ல முன்னேற்றம் வந்தது. கணக்கில் அந்த அளவுக்கு வரவில்லை, வகுத்தலில் எங்கள் பிள்ளைகள் வெகுநாள் தடுமாறினார்கள். இதையும் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் வெற்றிக் கதைகளில் இந்தப் பகுதி விடுபட்டுவிடுகிறது.

நான் அழுத்திச் சொல்ல விரும்புவது அந்த ஒரு மணி நேரத்தைப் பற்றி. எங்கள் தலைமையாசிரியர் கால அட்டவணையில் அதைப் பூட்டிவைத்திருந்தார். பதிவேடு, கூட்டம், புள்ளிவிவரம் எதுவும் அந்த நேரத்தில் நுழையக்கூடாது. அவர் மாறுதலாகிப் போனபின் அந்த மணி நேரம் அரைமணியானது. பிறகு வாரத்தில் சில நாள் மட்டும். அட்டைகள் அப்படியே இருந்தன, பயிற்சி பெற்ற நாங்களும் அங்கேயே இருந்தோம். பலன் மட்டும் தேய்ந்தது.

பிறகு இது பற்றிய ஆய்வுகளைத் தேடிப் படித்தேன். பொருளியலாளர்கள் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ உள்ளிட்டோர் பிரதமுடன் சேர்ந்து பல மாநிலங்களில் இதைச் சோதித்திருக்கிறார்கள். பீகாரிலும் உத்தராகண்டிலும் பொருள்களையும் பயிற்சியையும் கொடுத்து, வழக்கமான பள்ளி நாளுக்குள் ஆசிரியர்களே பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டபோது பெரிய பலன் இல்லை. ஹரியானாவில் 2012-13இல் இதற்கென்றே நேரம் ஒதுக்கி, வகுப்புகளைக் கலைத்துக் குழு அமைத்து, வட்டார அலுவலர்கள் பள்ளிக்கு வந்து பார்த்துத் துணைநின்றபோது மொழிப்பாடத்தில் தெளிவான முன்னேற்றம். எங்கள் பள்ளியில் நடந்தது அந்த அறிக்கையில் எழுதியிருந்தது போலவே இருந்தது. கென்யாவில் பாடநூல் வழங்கிப் பார்த்த ஆய்விலும் ஏற்கெனவே நன்றாகப் படித்த குழந்தைகளே பயன்பெற்றார்கள். மற்றவர்களுக்கு அந்த நூலின் ஆங்கிலமே எட்டவில்லை.

ஒரு பெற்றோர்:

என் அனுபவம் சிறியது. என் மகனின் பள்ளியில் ஒரு வினாத்தாளைக் கொடுத்து, அவன் “காட்சிவழிக் கற்பவன்” என்று சான்றிதழே தந்தார்கள். ஆராய்ச்சியில் நிரூபிக்கப்பட்டது என்றார்கள். சில மாதங்களில் அவன் நீண்ட பாடம் எதைக் கண்டாலும் “எனக்குப் படித்தால் ஏறாது, படம் பார்த்தால்தான் ஏறும்” என்று சொல்லத் தொடங்கினான். எட்டு வயதுக் குழந்தை தன் மூளையைப் பற்றி இப்படி ஒரு முடிவுக்கு வருவது எனக்குப் பொறுக்கவில்லை.

தேடிப் பார்த்தேன். 2008இல் ஹரோல்ட் பாஷ்லரும் மூன்று உளவியலாளர்களும் அதுவரை வந்த ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்து, படம் பார்த்தா, காதால் கேட்டா என்று குழந்தையின் கற்றல் ‘பாணி’க்கேற்பக் கற்பித்தால் கூடுதலாகக் கற்கும் என்பதற்குப் போதுமான சான்று இல்லை என்று எழுதியிருக்கிறார்கள். அதை ஆசிரியரிடம் பணிவாகக் காட்டினேன். அவர் பொறுமையாகக் கேட்டார், சான்றிதழை மதிப்பேட்டிலிருந்தும் எடுத்துவிட்டார். நிலவரைபடத்துக்குப் படம் வேண்டும், பாட்டுக்குக் காது வேண்டும், அது பாடத்தின் தேவை என்று அவரே என் மகனுக்கு விளக்கினார். அந்த ஆசிரியரை நான் மிகவும் மதிக்கிறேன்.

மேல்நிலைப் பள்ளி அறிவியல் ஆசிரியர்:

மதிப்பெண்ணும் கருத்துரையும் பற்றிச் சொல்கிறேன். விடைத்தாளில் பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு மையில் விளக்கம் எழுதிக்கொடுப்பேன். மாணவர்கள் வாங்கியதும் மேலே வட்டமிட்ட எண்ணைப் பார்ப்பார்கள், அடுத்தவர் எண்ணைக் கேட்பார்கள், தாளை மடித்துப் பைக்குள் வைத்துவிடுவார்கள். பயிற்சி ஒன்றில் ரூத் பட்லர் 1988இல் வெளியிட்ட ஆய்வைச் சொன்னார்கள். ஒரு குழுவுக்குக் கருத்துரை மட்டும், இன்னொன்றுக்கு மதிப்பெண் மட்டும், மூன்றாவதற்கு இரண்டும். கருத்துரை மட்டும் பெற்ற குழுவின் ஆர்வமும் திறனும் மேலோங்கின. மதிப்பெண்ணையும் சேர்த்துக் கொடுத்தபோது கருத்துரையின் பயன் காணாமல் போயிற்று.

அலகுத் தேர்வுத் தாள்களில் எண் எழுதுவதை நிறுத்திப் பார்த்தேன். எண் என் பதிவேட்டில் இருக்கும். தாளில் “மூன்றாம் கேள்வியில் விசையையும் அழுத்தத்தையும் ஒன்றாகக் கருதியிருக்கிறாய், பரப்பளவு எங்கே வருகிறது என்று பார்” என்பது போல இருக்கும். அதைத் திருத்தி எழுதிக்கொண்டு வந்தால்தான் எண்ணைச் சொல்வேன். முதலில் பெரும் எதிர்ப்பு. பெற்றோர் கூட்டத்தில் நிற்கவைத்துக் கேட்டார்கள். ஆனால் மாணவர்கள் என் குறிப்பைப் படித்தார்கள், அதைப் பற்றி என்னோடு வாதாடினார்கள். அந்த வாதம்தான் நான் வெகுகாலம் ஏங்கிக் காத்திருந்த பாடவேளை.

இன்னொன்றும் செய்கிறேன். பாடம் தொடங்கும் முன் முந்தைய வாரப் பாடத்திலிருந்து சில கேள்விகள், புத்தகத்தை மூடிவைத்து. மதிப்பெண் கிடையாது. உளவியலாளர்கள் ரோடிகர், கார்ப்பிக் இருவரும் 2006இல் வெளியிட்ட சோதனை இதற்கு அடிப்படை: ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டால் மீண்டும் படித்தவர்களே முந்தினார்கள், ஒரு வாரம் கழித்துக் கேட்டால் நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் முந்தினார்கள். தேர்வுக்கு முந்தைய இரவில் மீண்டும் மீண்டும் படிப்பது ஏன் பலன் தருவதுபோல் தோன்றுகிறது என்பதும் இதில் விளங்கிவிடுகிறது.

பள்ளித் திட்டமிடலில் பணியாற்றி ஓய்வு பெற்றவர்:

எல்லோரும் வகுப்பறைக்குள் இருந்து எழுதுகிறீர்கள். பள்ளியே எங்கே இருக்க வேண்டும் என்று முடிவுசெய்யும் மேசையில் இருந்தவன் நான். பள்ளி வரைபடம் போடும்போது குடியிருப்பை மையமாக வைத்து ஒரு வட்டம் வரைவோம். வட்டத்துக்குள் பள்ளி இருந்தால் அந்தக் குடியிருப்புக்குப் பள்ளி உண்டு என்று கணக்கு. காகிதத்தில் வரையும் வட்டத்துக்கு ஆறும் தெரியாது, பாலமில்லாத ஓடையும் தெரியாது, கனரக வண்டிகள் ஓடும் சாலையும் தெரியாது.

குழந்தைகள் குறைந்த சிறு பள்ளி ஒன்றை அருகிலுள்ள பெரிய பள்ளியோடு இணைக்கும் கோப்பு என்னிடம் வந்தது. வட்டக் கணக்கில் தூரம் சரியாகவே இருந்தது. நான் அந்த வழியில் நடந்து பார்த்தேன். சாலையைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும், நடுவில் ஆளரவமற்ற நீண்ட பகுதி. கோப்பில் நடைதூரத்தையும் நடைநேரத்தையும் தனித்தனியே எழுதி, சிறுமிகள் இந்த வழியில் தனியே வர மாட்டார்கள் என்று குறிப்பு வைத்தேன். இணைப்பு நடந்துவிட்டது. அடுத்த ஆண்டுச் சேர்க்கைப் பதிவேட்டில் அந்தக் குடியிருப்பின் பையன்கள் பெரும்பாலும் இருந்தார்கள். பெண் குழந்தைகளின் பெயர்கள் பாதிக்குமேல் காணவில்லை. இதை நினைத்தால் இன்றும் கோபம் வருகிறது.

ஆப்கானிஸ்தானில் டானா பர்ட், லீ லிண்டன் இருவரும் செய்து 2013இல் வெளியிட்ட ஆய்வைப் பிறகு படித்தேன். குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்த கிராமங்களில் ஊருக்குள்ளேயே பள்ளி வைத்தார்கள். சேர்க்கையில் ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையே இருந்த 21 விழுக்காட்டுப் புள்ளி இடைவெளி அப்படியே மறைந்தது. பெற்றோரின் மனத்தை மாற்றப் பெரிய பிரசாரம் எதுவும் வேண்டியிருக்கவில்லை, தூரத்தைக் குறைத்தார்கள், அவ்வளவுதான். பள்ளியை நகர்த்த முடியாத இடத்தில் பயணத்தை எளிதாக்கலாம். பீகாரில் 2006இல் ஒன்பதாம் வகுப்பில் சேரும் சிறுமிகளுக்கு மிதிவண்டி கொடுத்தபோது, உயர்நிலைப் பள்ளி தொலைவாக இருந்த கிராமங்களில்தான் சேர்க்கை மிகுதியாக உயர்ந்தது. திட்டமிடும் இளம் அலுவலர்கள் யாராவது இதைப் படித்தால், கோப்பில் கையெழுத்திடும் முன் பள்ளி விடும் நேரத்தில் அந்த வழியில் ஒருமுறை நடந்து பாருங்கள்.

தலைமையாசிரியர்:

ஐயா, உங்கள் குறிப்பைப் போல ஒரு குறிப்பை நான் வகுப்பு அளவு பற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன், அதனால் கேட்கிறேன். அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் 1985இல் தொடங்கிய ஸ்டார் சோதனையை எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். 13 முதல் 17 குழந்தைகள் இருந்த வகுப்புகள், 22 முதல் 25 பேர் இருந்த வகுப்புகளைவிட வாசிப்பிலும் கணக்கிலும் நன்றாகச் செய்தன. பெரிய வகுப்பில் ஓர் உதவியாளரைக் கூடுதலாக வைத்ததால் பெரிய வேறுபாடு இல்லை. எனக்கு இப்போது கிடைக்கக்கூடியது உதவியாளர் மட்டும்தான். வேண்டாம் என்று மறுத்தால் அதுவும் போய்விடும்.

நான் நினைப்பது இது: அந்த உதவியாளரை வகுப்பின் மூலையில் நிறுத்தாமல், மேலே ஆரம்பப் பள்ளி ஆசிரியை சொன்ன ஒரு மணி நேரத்துக்கு ஒரு குழுவை முழுமையாக அவர் பொறுப்பில் விடுவது. எழுத்து நிலைக் குழுவை மட்டும் நானே வைத்துக்கொள்வேன், அங்கேதான் அனுபவம் அதிகம் வேண்டும்.

பள்ளித் திட்டமிடலில் பணியாற்றி ஓய்வு பெற்றவர்:

சரியான யோசனை. கோரிக்கையில் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். கலிபோர்னியா 1996இல் தொடக்க வகுப்புகளை 20 பேராகக் குறைத்தபோது ஒரே நேரத்தில் ஏராளமான ஆசிரியர்கள் தேவைப்பட்டார்கள், முழுத் தகுதி பெறாதவர்களும் நியமிக்கப்பட்டார்கள், அறைகளும் போதவில்லை. டென்னசியில் கிடைத்த பலனை அங்கே அதே தெளிவோடு காட்ட முடியவில்லை. ஆகவே எத்தனை குழந்தைகள் என்பதோடு எத்தனை அறைகள், யார் கற்பிப்பார், அவருக்கு யார் பயிற்சி தருவார் என்பதையும் முதல் பக்கத்திலேயே எழுதுங்கள். பின்னிணைப்பில் வைத்தால் யாரும் புரட்டுவதில்லை.

ஆரம்பப் பள்ளி ஆசிரியை:

உதவியாளருக்குத் தொடக்கத்தில் பத்தி நிலைக் குழுவைக் கொடுங்கள் ஐயா, கதை கையில் இருந்தால் அந்தப் பிள்ளைகள் தாமாகவே வேலையைத் தொடங்கிவிடுவார்கள். முதல் வாரம் அவரும் உங்களோடு எழுத்து நிலைக் குழுவில் அமர்ந்து கேட்கட்டும். எங்கள் பள்ளியில் பயன்படுத்திய குழு மாற்றப் பதிவேட்டின் மாதிரி என்னிடம் இருக்கிறது, வேண்டுமானால் அனுப்புகிறேன்.