ஆசனத்துக்கு எவ்வளவு நேரம், தியானத்துக்கு எவ்வளவு நேரம்?

யோகப் பயிற்சி நேரத்தை ஆசனத்துக்கும் தியானத்துக்கும் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொள்ளலாமா என்று ஒருவர் கேட்டிருந்தார். எனக்கு அந்தக் கணக்கு ஒத்துவருவதில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

எங்களோடு யோகா பயில்கிற ஒருவர் சிரசாசனத்தில், அதாவது தலைகீழாக, ஆணி அடித்ததுபோல் நிற்பார். பார்க்கிறவர்களுக்குப் பொறாமையே வரும். ஆனால் கண்ணை மூடி உட்காரச் சொன்னால் கொஞ்ச நேரத்திலேயே நெளிய ஆரம்பித்துவிடுவார். மனசு அலைபாய்கிறது என்றுதான் நாங்கள் நினைத்தோம். ஆசிரியரோ அவருடைய முழங்காலைப் பார்த்தார். சம்மணம் போட்டதும் இரண்டு முழங்காலும் இடுப்பைவிட உயரத்தில் நின்றன. இடுப்பு பின்பக்கம் சரிந்து, முதுகு கூன் விழுந்திருந்தது. ஒரு போர்வையை நாலாக மடித்துப் பிட்டத்துக்கு அடியில் கொடுத்தார். முழங்கால் இறங்கியது, முதுகு தானாக நிமிர்ந்தது. அப்புறம் சிரசாசனத்தைக் குறைத்து, பத்தகோணாசனம் (பாதங்களைச் சேர்த்து, முழங்கால்களை விரித்து உட்காருவது) மாதிரி இடுப்பு மூட்டை இளக்குகிற ஆசனங்களைக் கூட்டிக் கொடுத்தார். இப்போது மனிதர் சிரமமில்லாமல் உட்காருகிறார்.

ஆக, எத்தனை நிமிடம் என்பதைவிட எந்த ஆசனம் என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது. யோகத்துக்கு அடிப்படை நூலான பதஞ்சலியின் யோக சூத்திரத்திலேயே ஆசனத்துக்கென்று இருப்பவை 3 சூத்திரங்கள்தான். நிலையாகவும் சுகமாகவும் இருப்பதே ஆசனம் என்று முடித்துவிடுகிறார். அவர் சொல்லும் யோகத்தின் 8 அங்கங்களில் ஆசனம் 3-வது, தியானம் 7-வது. நடுவில் பிராணாயாமம் (மூச்சைச் சீராக்குவது), பிரத்யாகாரம் (புலன்களை உள்ளே திருப்புவது), தாரணை (மனசை ஒன்றில் நிறுத்துவது) என்று மூன்று படி இருக்கிறது. பாயில் வியர்வை காயும் முன்பே தியானத்துக்குத் தாவிவிட்டு, மனசு அடங்கவில்லை என்று அலுத்துக்கொள்கிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம். நான் ஆசனம் முடிந்ததும், உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவதை நீளமாக வைத்துச் சிறிது நேரம் மூச்சு விடுவேன். படபடப்பு தணிந்த பிறகுதான் கண்ணை மூடுவது.

எல்லா நாளும் ஒரே அளவும் சரிவராது. மனசில் ஏதோ உறுத்திக்கொண்டிருக்கும் நாளில் நேரே உட்கார்ந்தால் அதுவேதான் சுற்றிச் சுற்றி வரும். அன்றைக்குச் சூரிய நமஸ்காரத்தைக் கூட்டிக்கொள்வேன். தூக்கம் போதாத நாளில் மல்லாந்து படுக்கும் சவாசனம் போட்டால் குறட்டைதான், தியானமாவது ஒன்றாவது! அன்றைக்கு அதை விட்டுவிட்டு நிமிர்ந்தே உட்கார்ந்துவிடுவேன்.

முழங்கால் வலி உள்ளவர்கள் சம்மணத்தோடு மல்லுக்கட்ட வேண்டாம். நாற்காலியிலேயே உட்காரலாம்; பாதம் இரண்டும் தரையில் முழுசாகப் பதிய வேண்டும், முதுகு சாயக்கூடாது, அவ்வளவுதான்.