வீட்டு இணைப்புக்குக் காசு கொடுத்து ஸ்டேட்டிக் ஐபி (மாறாத இணைய முகவரி) வாங்கலாமா?

கேள்வி:
வீட்டில் ஒரு நாஸ் (நெட்வொர்க்கில் இணைந்த சேமிப்புப் பெட்டி), நான்கு கேமரா. வெளியிலிருந்து பார்க்க வேண்டும். அலுவலக சர்வருக்கும் வீட்டிலிருந்து நுழைய வேண்டும். அங்கே பட்டியலில் சேர்த்த ஐபிக்கு மட்டும்தான் அனுமதி. இப்போது டிடிஎன்எஸ் (ஐபி மாறினாலும் ஒரே பெயரால் கண்டுபிடிக்க உதவும் சேவை) ஓடுகிறது. போர்ட் ஃபார்வர்டிங் (வெளியிலிருந்து வருவதை வீட்டுக் கருவிக்கு அனுப்பும் ரவுட்டர் விதி) சரியாகப் போட்டும் வெளியிலிருந்து எதுவும் திறக்கவில்லை. மாதக் கட்டணம் கூட்டி ஸ்டேட்டிக் ஐபி வாங்கினால் தீருமா? வேகமும் கூடுமா?

பதில் 1:
வேகம் கூடாது. அதே கேபிள், அதே பிளான்.

முதலில் ரவுட்டரின் ஸ்டேட்டஸ் பக்கத்தில் இன்டர்நெட் ஐபி என்ன என்று பாருங்கள். பிறகு, ஐபி காட்டும் ஏதாவது ஒரு தளத்தைத் திறந்து இரண்டையும் ஒப்பிடுங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் கோளாறு உங்கள் செட்டிங்கில் இருக்க வாய்ப்பு அதிகம். ரவுட்டரில் 100.64 முதல் 100.127 வரை ஏதாவது தெரிந்தால் நீங்கள் சிஜிநாட்டுக்குள் (இணைய நிறுவனமே ஒரு பொது ஐபியைப் பலருக்குப் பகிரும் ஏற்பாடு) இருக்கிறீர்கள். 192.168 என்று தொடங்கினால் முன்னால் இருக்கும் மோடமே நாட் (பல கருவிகளை ஒரே ஐபிக்குப் பின்னால் வைப்பது) செய்துகொண்டிருக்கலாம். அதை, நாட் செய்யாமல் இணைப்பை அப்படியே ரவுட்டருக்கு விடும் பிரிட்ஜ் மோடுக்கு மாற்றிப் பாருங்கள்.

கேள்வி கேட்டவர்:
ரவுட்டரில் 100.72 என்று தொடங்குகிறது. தளத்தில் வேறு எண்.

பதில் 1:
அப்படியானால் சிஜிநாட்தான். ஒரே பொது ஐபியைப் பல வாடிக்கையாளர்கள் பகிர்கிறார்கள். வெளியிலிருந்து வரும் பாக்கெட்டை யாருக்கு அனுப்புவது என்று தெரியாமல் நிறுவனத்தின் கருவியே அதைக் கைவிட்டுவிடும். உங்கள் ரவுட்டர் வரை அது வந்து சேராது. ஃபார்வர்டிங் விதியை எத்தனை முறை திருத்தினாலும் பலனில்லை. ஸ்டேட்டிக் ஐபியால் கிடைக்கும் பெரிய லாபம் இதிலிருந்து வெளியே வருவதுதான். மாறும் பொது ஐபி தருவார்களா என்றும் கேளுங்கள். கேமராவுக்கும் நாஸுக்கும் அதுவும் டிடிஎன்எஸ்ஸும் போதும்.

பதில் 2:
அலுவலகப் பட்டியல் இருப்பதால் இவருக்கு ஸ்டேட்டிக்தான் நல்லது. சிஜிநாட் ஐபியைப் பட்டியலில் சேர்த்தால் அதைப் பகிரும் அத்தனை பேருக்கும் அதே கதவைத் திறந்துவிட்ட மாதிரி. அது நாளைக்கு மாறவும் செய்யும்.

வயர்கார்டு (இரு முனைகளுக்கு நடுவே டனல் என்ற மறையாக்கப்பட்ட பாதை போடும் விபிஎன் மென்பொருள்) பயன்படுத்துவோருக்கு இன்னொன்று. லினக்ஸில் அது டிடிஎன்எஸ் பெயரை டனல் தொடங்கும்போது ஒருமுறை மட்டுமே ஐபியாக மாற்றிக்கொள்ளும். நடுவில் வீட்டு ஐபி மாறினால் டனல் இருப்பது போலவே காட்டும், டேட்டா மட்டும் போகாது. ஸ்டேட்டிக்கில் இந்தத் தொல்லை இல்லை.

வீட்டில் மெயில் சர்வர் வைக்கும் எண்ணம் இருந்தால், ரிவர்ஸ் டிஎன்எஸ் (ஐபியிலிருந்து பெயரைச் சொல்லும் பதிவு) போட்டுத் தருவார்களா, மெயில் சர்வர்கள் பேசிக்கொள்ளும் போர்ட் 25 திறந்திருக்குமா என்று பணம் கட்டும் முன்பே கேட்டுவிடுங்கள்.

பதில் 3:
வாங்கியதும் கேமரா போர்ட்டையும் ரிமோட் டெஸ்க்டாப்பின் 3389ஐயும் தயவுசெய்து நேராகத் திறக்காதீர்கள். பொது ஐபி என்றாலே பாட்கள் (தானாக ஓடும் நிரல்கள்) இரவு பகலாகத் தட்டிப் பார்க்கும். வயர்கார்டின் யுடிபி 51820ஐ மட்டும் திறந்து, மற்ற எல்லாவற்றையும் அதன் வழியாகப் பாருங்கள்.

வெளி ஐபி நிலையானால் உள் ஐபியும் நிலையாகிவிடாது. வயர்கார்டு ஓடும் கருவிக்கு, நாஸிலேயே ஓடினால் நாஸுக்கு, ரவுட்டரின் டிஹெச்சிபியில் (கருவிகளுக்கு உள் ஐபி வழங்கும் பகுதி) ஓர் ஐபியை ஒதுக்குங்கள், உதாரணமாக 192.168.1.50. இல்லையென்றால் ஒரு மின்தடைக்குப் பிறகு அது 53க்குப் போய்விடும், ஃபார்வர்டிங் ஆளில்லாத 50ஐக் காட்டி நிற்கும்.

சோதிக்கும்போது வைஃபையை அணைத்து மொபைல் டேட்டாவில் பாருங்கள். வீட்டுக்குள்ளிருந்தே சொந்தப் பொது ஐபியைத் திறக்கப் பல ரவுட்டர்கள் விடாது. எல்லாம் சரியாக இருந்தும் கெட்டுப்போனது போலத் தெரியும்.

நிறுவனம் தர மறுத்தால் சிறிய விபிஎஸ் (வாடகைக்குக் கிடைக்கும் இணைய சர்வர்) ஒன்று எடுத்து, வீட்டிலிருந்து அதற்கு வயர்கார்டு போடுங்கள். வீட்டுப் பக்கத்தில் பெர்சிஸ்டன்ட் கீப்அலைவ் (குறித்த இடைவெளியில் சிறு பாக்கெட் அனுப்பும் செட்டிங்) 25 வினாடி வையுங்கள், இல்லாவிட்டால் சும்மா இருக்கும் நேரத்தில் நாட் பாதை மூடிக்கொள்ளும். அலுவலகத்துக்கான டிராஃபிக்கை அதன் வழியே விட்டால் விபிஎஸ்ஸின் ஐபியையே பட்டியலில் சேர்க்கச் சொல்லலாம்.