க்ரீச் ஆயாம்மாக்களுக்கு 'மரியாதையான குழந்தைப் பராமரிப்பு' பயிற்சி: காசு போட்டு அனுப்பலாமா?

கோவை_தொட்டில்:
வணக்கம்ங்க. பீளமேட்டுப் பக்கம் சின்னதா ஒரு க்ரீச் நடத்துறேன். 7 மாசத்துல இருந்து 3 வயசு வரைக்கும் 14 குழந்தைங்க, 3 ஆயாம்மா. பெத்தவங்க பெரும்பாலும் ஐ.டி.

கைக்குழந்தைகளை மரியாதையோட கையாளுறது எப்படின்னு ஒரு ஆன்லைன் பயிற்சி இருக்குதுங்க. எம்மி பிக்லர்ங்கிற குழந்தை டாக்டர் 1946-ல ஹங்கேரியில, புடாபெஸ்ட்ல ஆரம்பிச்ச லோட்சிங்கிற குழந்தைகள் இல்லத்துல இருந்து வந்த வழி. அவங்ககிட்ட கத்துக்கிட்ட மக்டா கெர்பர் அமெரிக்கா போய் 1978-ல ஆர்.ஐ.இ.-ன்னு ஒரு அமைப்பு தொடங்கினாங்க. அதோட பாடத்தை ஒட்டினதுதான் இது.

சுருக்கமா சொன்னா: தூக்குறதுக்கு முன்னாடி குழந்தைகிட்ட சொல்லிட்டு, கையை நீட்டி, அது தயாராகுற வரைக்கும் பொறுக்கணும். டயப்பர் மாத்துறதும் ஊட்டுறதும் அவசரமா முடிச்சுத் தள்ளுற வேலை இல்லை, அந்தக் குழந்தைக்குன்னே கிடைக்கிற நேரமே அதுதான். தானா உக்கார வராத குழந்தையை தலகாணி முட்டுக் கொடுத்து உக்கார வைக்கக் கூடாது. முடிஞ்ச வரைக்கும் ஒரு குழந்தைக்கு ஒரே ஆயா.

ஒரு ஆளுக்கு ஆகுற கட்டணம் ஒரு ஆயாம்மாவோட ஒன்றரை மாசச் சம்பளம். எங்க வீட்டுக்காரர் "வேலையத்த வேலை"ங்கிறார். அனுபவப்பட்டவங்க சொல்லுங்க.

கணக்கன்:
நான் உங்க வீட்டுக்காரர் கட்சி. மூணு பேருக்கு ஒன்றரை மாசம்னா நாலரை மாசச் சம்பளம். அந்தக் காசுல இன்னொரு ஆயாவை நாலு மாசத்துக்கு மேல வெச்சுக்கலாம். குழந்தைக்கு வேண்டியது இன்னொரு ஜோடிக் கை, சர்டிஃபிகேட் இல்லை.

எங்க அம்மாயி பேரனைக் கால்ல போட்டு எண்ணெய் தேய்க்கிறப்ப "கண்ணு, இப்பத் தலைக்கு ஊத்தப் போறேன், கண்ணை மூடிக்கோ சாமி"ன்னு சொல்லிட்டுத்தான் ஊத்தும். அதையே ஹங்கேரியில இருந்து இறக்குமதி பண்ணி டாலர்ல விக்கிறாங்க.

மீனா_திருமுல்லைவாயல்:
கணக்கன் சார், அதே அம்மாயி குளிப்பாட்டி முடிச்சதும் மூக்குல ஊதுமே, அதை ஏன் விட்டுட்டீங்க? மூக்கு எடுப்பா வரணும்னு பிடிச்சு இழுக்கிறது, தலையை உருட்டி 'ஷேப்' பண்றது, வாயை இறுக்கி மூடிக்கிட்ட குழந்தைக்குக் கன்னத்தை அமுக்கி மருந்து ஊத்துறது, தொக்கம் எடுக்கக் கூட்டிட்டுப் போறது, எல்லாமே அதே கைதான். நம்ம வழக்கத்துல நல்லது நிறைய இருக்கு. அதுக்காகப் பாட்டி செஞ்சதெல்லாம் சரின்னு கும்பிட முடியாது.

என் பொண்ணு முதல்ல போன க்ரீச்ல ஒரு நாள் மத்தியானம் சீக்கிரமா கூப்பிடப் போனேன். ஆறு குழந்தைங்களைச் சுவத்தோரமா வரிசையா உக்கார வெச்சிருந்தாங்க. ஒரே கிண்ணம் பருப்புசாதம், ஒரே ஸ்பூன். ஆயா ஒரு ஓரத்துல இருந்து வாய் வாயா திணிச்சுக்கிட்டே போறாங்க, கடைசி வாய் முடிஞ்சதும் திரும்ப முதல் வாய். முதல் குழந்தை இன்னும் மென்னுக்கிட்டே இருக்கு. எதிர்ல செல்போன்ல பாட்டு. யாரும் அடிக்கலை, திட்டலை. ஆனா அந்த ஆறு பேர்ல ஒருத்தர் முகத்தைக்கூட அந்த அம்மா பாக்கலை. இதை நாலாவது ஆயா வந்து மாத்திடுவாங்களா? அவங்களும் இன்னொரு கிண்ணத்தோட இன்னொரு வரிசைதானே போடுவாங்க?

கணக்கன்:
வரிசையா ஊட்டுறது திமிருல இல்லைங்க, எண்ணிக்கையால. 2022 வரைக்கும் இருந்த அரசாங்கத்தோட தேசியக் குழந்தைகள் காப்பகத் திட்டத்துலயே 25 குழந்தைக்கு ஒரு பணியாளர், ஒரு உதவியாளர்னுதான் கணக்கு இருந்துச்சு. தினம் ஏழரை மணி நேரம், மாசம் 26 நாள். அந்த ரெண்டு பேர்கிட்ட போய் "ஒவ்வொரு குழந்தையோட கண்ணையும் பாத்து, அது கையை நீட்டுற வரைக்கும் பொறுங்க"ன்னு கிளாஸ் எடுத்தா, பழியைத் தூக்கி ஆயா தலையில வெக்கிறீங்கன்னுதான் அர்த்தம். ஆளைக் குறைச்சவர் முதலாளி, குத்தவாளி ஆயாவா?

ஸ்காபரோ_சுதா:
தம்பி கணக்கன், உங்கட கோபம் நியாயம்தான். ஆனா எண்ணிக்கை மட்டும் எல்லாத்தையும் சரிக்கட்டாது. நான் இஞ்ச கனடாவில டேகெயாரில வேலை செய்யிறன். ஒண்டாரியோவில சட்டப்படி 18 மாசத்துக்குக் குறைஞ்ச 10 பிள்ளையளுக்கு 3 பேர் வேணும். அதுக்கு மேல 30 மாசம் வரைக்கும் 5 பிள்ளைக்கு ஒராள். ஆக்கள் காணாது எண்டு சொல்ல ஏலாது. அப்பிடி இருந்தும், விளையாடிக்கொண்டிருக்கிற பிள்ளைக்குப் பின்னால வந்து, ஒரு சொல்லும் சொல்லாம மூக்கைத் துடைச்சுப்போட்டுப் போற ஆக்கள் இருக்கினம். பிள்ளை திடுக்கிட்டு அழும். "இவன் மூக்குத் துடைக்க விடமாட்டான்" எண்டு குறிப்பும் எழுதுவினம்.

முன்னால வந்து குந்தி, ரிஷுவைக் காட்டி, "மூக்குத் துடைப்பமா?" எண்டு கேட்டுப் பாருங்கோ. பாதிப் பிள்ளையள் தாங்களாவே முகத்தை நீட்டுங்கள். இதுக்கு மிஞ்சினா அஞ்சு செக்கன். இதுக்கு ஆள் தேவையில்லை, பழக்கம்தான் வேணும்.

இன்னொண்டு. நீங்கள் எல்லாரும் லோட்சியை ஏதோ பணக்கார இடமா நினைக்கிறியள். உலகப் போர் முடிஞ்ச கையோட அநாதைப் பிள்ளையளுக்காகத் தொடங்கின இல்லம் அது. பிக்லர் அங்க இருந்த படிச்ச தாதிமாரை அனுப்பிப்போட்டு, அந்தத் தொழில் படிக்காத இளம் பெண்களை எடுத்துத் தானே பழக்கினவ. ஒரு குழுவில எட்டு ஒன்பது பிள்ளையள். ஒரு நேரத்தில பாக்கிறது ஒராள்தான். எப்பிடிச் சமாளிச்சவை? சாப்பாடும் குளிப்பும் ஒவ்வொரு நாளும் அதே வரிசை. இவனுக்குப் பிறகு நான் எண்டு பிள்ளைக்குத் தெரியும். அதால மற்றவை அழாம விளையாடிக்கொண்டிருப்பினம், முறை வந்த பிள்ளைக்கு அந்தத் தாதி முழுசாக் கிடைப்பா. மீனா சொன்ன ஆறு பிள்ளை வரிசையும் இதுவும் ஒண்டில்லை.

கணக்கன்:
அக்கா, நீங்களே எனக்கு பாயின்ட் எடுத்துக் கொடுத்துட்டீங்க. படிச்ச நர்ஸை அனுப்பிட்டு, படிக்காத பொண்ணுங்களைப் பக்கத்துல நின்னு பழக்கினாங்க. அப்ப நல்லா வந்தது ஆன்லைன் சர்டிஃபிகேட்டாலயா, கூட நின்ன டாக்டராலயா? அந்தப் பொண்ணுங்க துணி துவைச்சாங்களா, சமைச்சாங்களா, பாத்ரூம் கழுவினாங்களா? நம்ம ஆயா எல்லாத்தையும் செய்யுறா, நடுவுல கேட்டையும் திறந்து விடுறா.

பிசியோ_நெல்லை:
நான் வேற பக்கத்துல இருந்து எதிர்க்கிறேன். குழந்தைகளுக்கான பிசியோதெரபிஸ்ட். சொல்லிட்டுத் தூக்குறது, அவசரப்படாம ஊட்டுறது, எல்லாம் அருமை. ஆனா இந்த வழிக்காரங்க குழந்தை தானா வராத எந்த நிலையிலயும் வெக்காதீங்கன்னு சொல்றாங்க. அதனால குப்புறப் போடவும் மாட்டாங்க, மல்லாக்கப் போட்டு விட்டு அதுவா புரளட்டும்ங்கிறாங்க. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கமே முழிச்சிருக்கிற நேரத்துல, ஆள் பாத்துக்கிட்டே குப்புறப் போடணும்னுதான் சொல்லுது.

பிக்லர் 700-க்கும் மேல குழந்தைங்களோட அசைவு வளர்ச்சியைக் குறிச்சு வெச்சு, யாரும் உக்கார வெக்காமலே நிக்க வெக்காமலே எல்லாம் தானா வரும்னு காட்டினாங்க. ஒத்துக்கிறேன். ஆனா என்கிட்ட வர்ற குறைமாசக் குழந்தைக்கும், கழுத்து ஒரு பக்கமே சாயுற குழந்தைக்கும் 'தானா வரும்'னு சொல்லிட்டு உக்காந்திருக்க முடியாதுல்லா? எப்பப் பொறுக்கணும், எப்பச் சந்தேகப்பட்டு பெத்தவங்ககிட்ட சொல்லணும்னு அந்தப் பாடம் கத்துக் கொடுக்குதான்னு முதல்ல கேட்டுட்டுப் பணம் கட்டுங்க.

ஸ்காபரோ_சுதா:
சரியான கேள்வி. நாங்கள் பிள்ளையைக் குப்புறப் போடுறனாங்கள்தான். முகத்துக்கு நேர நாங்களும் குப்புறப் படுப்பம், முகம் சுளிச்சா உடன திருப்பி விடுவம். ஆனா பிள்ளையை வலிஞ்சு நிக்க வெக்கிற மற்றப் பக்கத்தையும் பாருங்கோ. கனடாவில பேபி வாக்கர் விற்க 2004 இல இருந்து தடை. ஊரில இப்பவும் பிறந்தநாளுக்கு அதைத்தான் குடுக்கினம்.

பிசியோ_நெல்லை:
வாக்கர்ல மாற்றுக் கருத்தே இல்லை. மரத்துல செஞ்ச நடைவண்டி எவ்வளவோ தேவலை, பிள்ளை தானா எந்திரிச்சு நின்னாத்தான் அதைத் தள்ளவே முடியும். (பிக்லர் நடைவண்டியைப் பாத்திருந்தா என்ன சொல்லியிருப்பாங்களோ.)

அங்கன்வாடி_டீச்சர்:
எல்லாரும் பேசியாச்சு, பயிற்சிக்குப் போய் உக்காந்தவ நான் பேசலாமா?

எங்களுக்குப் பயிற்சிக்குப் பஞ்சமே இல்லை. 2024-ல பூஜ்யம் முதல் மூணு வயசுக்குன்னு 'நவசேதனா'ன்னு ஒண்ணு மத்திய அரசு கொண்டுவந்துச்சு. 36 மாசத்துக்கான நாட்காட்டி, மாசவாரியா என்ன விளையாட்டுக் காட்டணும், எப்படிப் பேசணும்னு. தப்பே சொல்ல முடியாது, நல்லாத்தான் எழுதியிருக்காங்க. ஆனா நான் போற பயிற்சியெல்லாம் ஒரு ஹால், ஒரு ப்ரொஜெக்டர், நூறு நாற்காலி. மத்தியானம் சாம்பார் சாதம். குழந்தை ஒண்ணுகூட அங்க இருக்காது. திரும்பி வந்தா எடை பாக்கணும், சத்துமாவு கொடுக்கணும், போஷன் ட்ராக்கர்ங்கிற அரசாங்க ஆப்ல ஏத்தணும், பதிவேடு எழுதணும்.

டயப்பர் மாத்துறதை ஸ்லைடுல கத்துக்க முடியாதுங்க. ஒருத்தர் என் பக்கத்துல உக்காந்து, "அம்மா, நீங்க அவன் ரெண்டு காலையும் ஒரே கையில பிடிச்சுத் தூக்குறப்ப அவன் தோள் எப்படி விறைக்குதுன்னு பாருங்க, ஒரு பக்கமா உருட்டி மாத்திப் பாருங்க"ன்னு சொல்லணும். நான் செய்யணும், அவங்க பாக்கணும், மறுநாளும் பாக்கணும். அப்படி வர்ற பயிற்சின்னா ஒன்றரை மாசச் சம்பளம் கொடுக்கலாம். வீடியோ மட்டும்னா ஒத்த ரூபா கொடுக்காதீங்க.

கணக்கன் தம்பிக்கு ஒண்ணு. இதெல்லாம் வெளிநாட்டு வியாபாரம்னு ஒதுக்க வேண்டாம். மொபைல் க்ரீச்சஸ்ங்கிற தொண்டு நிறுவனம் 1969-லயே டெல்லியில கட்டட வேலை நடக்குற இடத்துல குழந்தைங்களைப் பாத்துக்க ஆரம்பிச்சாங்க. ஆயாக்களுக்குப் பயிற்சி கொடுக்கிறதை அவங்க எத்தனையோ வருஷமா ஒரு தனி வேலையாவே செய்யுறாங்க. பழக்கணும்ங்கிறது நம்ம ஊர்லயும் தெரிஞ்ச விஷயம்தான்.

கோவை_தொட்டில்:
டீச்சரம்மா, நீங்க சொன்னது சரிதானுங்க. விசாரிச்சேன். ஆர்.ஐ.இ. பாடத்துல முதல் கட்டம் அடிப்படைக் கருத்தும் கவனிக்கிறதும்தான். ஒரு ஓரமா உக்காந்து, கை வெக்காம, பேசாம, ஒரு குழந்தை என்ன செய்யுதுன்னு பாத்து எழுதணும். கூட ஒரு ஆள் வெச்சுப் பழக்குறது அடுத்த கட்டம், அதுக்குத் தனிக் கட்டணம். நான் கட்ட இருந்தது முதல் கட்டத்துக்கு மட்டும்.

ஆனா அந்தக் 'கவனிக்கிறது'லயே எனக்கு வந்த சங்கடத்தைச் சொல்றேன். எங்க க்ரீச்ல சி.சி.டி.வி. இருக்கு, பெத்தவங்க போன்ல நேரடியாப் பாக்கலாம். போன வாரம் ஒரு அப்பா ஆபீஸ்ல இருந்து கூப்பிட்டுச் சத்தம் போட்டார். அவர் பையனுக்கு எட்டு மாசம். பந்து ஒரு முழம் தள்ளிக் கிடக்குது, இவன் வயித்தை இழுத்துக்கிட்டுப் போக முக்குறான். எங்க செல்வியம்மா பக்கத்துலயே தரையில உக்காந்து பாத்துக்கிட்டிருக்கு. "பந்தை எடுத்துக் குடுக்கக்கூட உங்க ஆயாவுக்குக் கை வலிக்குதா? இதுக்குத்தான் ஃபீஸ் கட்டுறனா?"ன்னு கேட்டார். அவன் ரெண்டு நிமிஷத்துல எட்டிப் பிடிச்சுட்டான். அதை அவர் பாக்கலை, போன்ல என்னைத் திட்டிக்கிட்டிருந்தார்.

மீனா_திருமுல்லைவாயல்:
இதுதான் நடக்கும். கேமராவுல பாத்தா, ஓடியாடித் திணிக்கிற ஆயாதான் சுறுசுறுப்பு. பொறுமையா உக்காந்திருக்கிறவங்க சோம்பேறி.

கணக்கன்:
அப்ப கோர்ஸை அந்த அப்பாவுக்கு எடுங்க. செல்வியம்மாவுக்கு ஏற்கெனவே தெரிஞ்சிருக்கே.

சீரியஸாவே கேக்குறேன். எந்தப் பயிற்சியும் இல்லாமலே செல்வியம்மா பொறுத்திருந்தாங்கன்னா, மத்த ரெண்டு பேருக்கு அவங்களையே வெச்சுப் பழக்கலாமே? அவங்களுக்குச் சம்பளம் கூட்டிக் கொடுங்க. புடாபெஸ்ட்ல நடந்ததும் அதுதானே, சுதாக்கா சொன்னபடி?

ஸ்காபரோ_சுதா:
பாதிதான் அது. செல்வியம்மாவுக்குப் பொறுக்கத் தெரியும். ஆனா ஏன் பொறுக்கிறன் எண்டு அந்தத் தகப்பனுக்குச் சொல்ல வாயில சொல் வேணும். அவர் கத்தேக்க அவவுக்குப் பயம் வந்தா, நாளைக்கு பந்தை எடுத்துக் குடுத்துப் போடுவா. படிப்பு குடுக்கிறது அந்தத் தைரியத்தை. எனக்கும் அப்பிடித்தான். பதிவு செய்த ஈ.சீ.ஈ. (சின்னப் பிள்ளையளுக்கான ஆசிரியர்) எண்டபடியாத்தான் தாய் தகப்பனுக்கு முன்னால 'இல்லை' எண்டு சொல்ல ஏலுது.

கணக்கன்:
கனடாவுல உங்களைக் காப்பாத்த சட்டம் இருக்குக்கா. இங்க செல்வியம்மா 'இல்லை'ன்னா வேலை போயிடும். அந்தத் தைரியத்தை ஓனர்தான் கொடுக்கணும்.

கோவை_தொட்டில்:
வேலையெல்லாம் போகாதுங்க. நான் அந்த அப்பாவை நேர்ல வரச் சொல்லியிருக்கேன்.

எல்லாரும் சொன்னதை வெச்சு இப்போதைக்கு: மூணு பேருக்கும் ஆன்லைன்ல கட்டலை. செல்வியம்மாவையும் என்னையும் மட்டும் சேர்க்கிறேன், இங்கிலீஷ் பாடத்தை நான் தமிழ்ல சொல்லிக்குவேன். மிச்சக் காசுக்கு நாலாவது ஆள், காலை 11-ல இருந்து 3 வரைக்கும், சாப்பாடும் தூக்கமும் வர்ற நேரத்துக்கு மட்டும். அதுக்கப்புறம் ஃபீஸ் கொஞ்சம் ஏத்த வேண்டி வரும்.

கணக்கன்:
நாலாவது ஆள்னு சொன்னதுக்காக வாய மூடிக்கிறேன். ஃபீஸ் ஏத்துறப்ப திரும்ப வருவேன்.

பிசியோ_நெல்லை:
குப்புறப் போடுற விஷயத்தைக் கேட்டுச் சொல்லுங்க, மறந்துடாதீங்க.

அங்கன்வாடி_டீச்சர்:
11-லேர்ந்து 3-க்கு ஆள் வேணும்னா சிங்காநல்லூர்ல எனக்குத் தெரிஞ்ச பொண்ணு ஒருத்தி இருக்கா. அவளுக்கே ரெண்டு வயசுல ஒரு பிள்ளை இருக்கு, கூட்டிட்டு வரலாமா? சம்பளம் எவ்வளவுன்னு தனிச் செய்தியில சொல்லுங்க.