உதவி: 0.5 மோலார் பொட்டாசியம் குளோரைடு சிமுலேஷனில் கட்டி பிடிக்கிறது

நீர்க்கூடு

வணக்கம். டிஎன்ஏவைச் சுற்றிப் பொட்டாசியம் அயனிகள் எங்கெங்கே தங்குகின்றன என்று பார்க்க ஒரு மூலக்கூறு இயக்கவியல் சிமுலேஷன் (அணுக்களின் அசைவைக் கணினியில் கணக்கிடுவது) ஓட்டுகிறேன். டிஎன்ஏ, டிக்கர்சனின் 12 இணைத் துண்டு. பெட்டி 7 நானோமீட்டர் கனசதுரம். தண்ணீர் மாடல் டிப்3பி. ஃபோர்ஸ் ஃபீல்ட் (அணுக்களுக்கு இடையிலான விசைகளைத் தரும் எண்களின் தொகுப்பு), குரோமாக்ஸ் நிரலின் கோப்புகளோடு வரும் ஆம்பர்99 வகை. 300 கெல்வின், 1 பார். டிஎன்ஏவின் மைனஸ் 22 மின்சுமையைச் சமன் செய்ய 22 பொட்டாசியம், அதற்கு மேல் 0.5 மோலாருக்கு 103 ஜோடி உப்பு.

முதல் 10 நானோசெகண்ட் வரை எல்லாம் ஒழுங்கு. அப்புறம் பொட்டாசியமும் குளோரைடும் நாலைந்தாகச் சேர ஆரம்பிக்கின்றன. 50 நானோசெகண்டில் டிஎன்ஏவுக்குப் பக்கத்தில் பெரிய கட்டி ஒன்று நிற்கிறது. விஎம்டி படக்கருவியில் பெரிதாக்கிப் பார்த்தால் பிளஸ், மைனஸ், பிளஸ், மைனஸ் என்று வரிசை கட்டி அச்சு அசல் உப்புப் படிகம். பக்கத்து அயனிகளுக்கு இடையே 3.1 ஆங்ஸ்ட்ராம். நிஜப் படிகத்தில் 3.15.

25 டிகிரியில் ஒரு கிலோ தண்ணீரில் இந்த உப்பு கிட்டத்தட்ட 4.8 மோல் கரையும். நான் போட்டது அதில் பத்தில் ஒரு பங்கு. வெப்பநிலை, அழுத்தம், ஆற்றல் வரைபடங்களில் எந்தக் கோளாறும் இல்லை. தொடக்க வேகங்களை மாற்றி ஓட்டினாலும் கட்டி வருகிறது. எங்கே தேடுவது?

கட்ஆஃப்_கந்தன்

தம்பி, மின்விசையை எப்படிக் கணக்கிடுகிறீர்கள்? தொலைதூர விசையையும் சேர்க்கும் பிஎம்இயா, குறிப்பிட்ட தூரத்தோடு நிறுத்தும் வெறும் கட்ஆஃபா? கட்ஆஃபோடு அறுத்துவிட்டால் அயனிகள் விசித்திரமாக நடந்துகொள்ளும். அந்தக் காலத்துத் தாள்களில் கட்ஆஃப் தூரத்திலேயே அயனிகள் குவிந்து நிற்பதைப் பார்க்கலாம். உங்கள் ஜி-ஆர் வளைவில் (ஒரு அயனியிலிருந்து எந்தத் தூரத்தில் எதிர் அயனிகள் எவ்வளவு நிற்கின்றன என்பது) 1 நானோமீட்டர் பக்கம் மேடு எதுவும் இருக்கிறதா? இன்னொன்று, அது நிஜக் கட்டிதானா என்றும் பாருங்கள். பெட்டியின் ஓரம் மடங்குவதால் படத்தில் அப்படித் தெரிவதும் உண்டு.

நீர்க்கூடு

பிஎம்இதான் அண்ணா. நேர்வெளிக் கட்ஆஃப் 1.0 நானோமீட்டர், கட்ட இடைவெளி 0.12. 1 நானோமீட்டரில் மேடு இல்லை. 0.31இல் ஒரு கோபுரமே நிற்கிறது, அதன் பின்னால் படிகத்துக்கே உரிய அடுத்தடுத்த சிகரங்கள். கட்டியைப் பெட்டியின் நடுவுக்குக் கொண்டுவந்தும் பார்த்தேன், நிஜம்தான்.

நள்ளிரவு_கிளஸ்டர்

பிஎம்இ மேல் சந்தேகப்பட வேண்டாம். ஃபோர்ஸ் ஃபீல்ட் அடைவில் நான்பாண்டட் கோப்பைத் திறந்து பொட்டாசியத்துக்கும் குளோரைடுக்கும் என்ன சிக்மா (அயனியின் பருமன்), எப்சிலான் (ஈர்ப்பின் ஆழம்) இருக்கிறது என்று இங்கே போடுங்கள்.

நீர்க்கூடு

பொட்டாசியம்: சிக்மா 0.473602, எப்சிலான் 0.00137235.
குளோரைடு: சிக்மா 0.440104, எப்சிலான் 0.4184.

நள்ளிரவு_கிளஸ்டர்

நினைத்தேன். இது பழைய ஜோடி.

பொட்டாசியத்தின் எண்கள் ஓக்விஸ்ட் 1990இல் வெளியிட்ட நேர்மின் அயனி வரிசையிலிருந்து வந்தவை. அவர் ஒற்றை அயனியை எஸ்பிசி மாடல் தண்ணீரில் விட்டு, நீரேற்ற ஆற்றல் (அயனியைத் தண்ணீர் சூழும்போது வெளிவருவது) சோதனை மதிப்போடு பொருந்தும் வரை சரிசெய்தார். குளோரைடு ஸ்மித், டாங் 1994 வழி வந்தது. இரண்டுமே அவற்றுக்குரிய இடத்தில் நல்ல எண்கள்தான். ஆனால் இந்தப் பொட்டாசியமும் இந்தக் குளோரைடும் டிப்3பி தண்ணீரில் எதிரெதிரே வந்தால் என்ன ஆகும் என்பதை யாரும் பொருத்திப் பார்த்து அமைக்கவில்லை. அந்த விசையை லோரன்ட்ஸ்–பெர்த்தலோ விதி இரண்டு அயனிகளின் எண்களையும் கூட்டிப் பெருக்கித் தானாகவே தருகிறது. 2007இல் ஆஃபிங்கர், சீத்தம், வயானா மூவரும் இதே கட்டியைப் பற்றி ஒரு தாளே எழுதினார்கள். கரைதிறனுக்கு வெகு கீழேயே உப்பு திரள்வதையும், பழி ஃபோர்ஸ் ஃபீல்டின் மேல்தான் என்பதையும் அதில் காட்டினார்கள்.

இவ்வளவு சின்ன விஷயம் எப்படி இவ்வளவு பெரிய கட்டியாகிறது? பொட்டாசியம் குளோரைடு படிகத்தைப் பிரித்து அயனிகளாக்க மோலுக்கு 700 கிலோஜூலுக்குச் சற்று மேல் செலவாகும். அந்த அயனிகளைத் தண்ணீர் சூழ்ந்துகொள்ளும்போது கிட்டத்தட்ட அவ்வளவும் திரும்பி வரும். கழித்தால் மிஞ்சுவது வெறும் 17 கிலோஜூல். அதனால்தான் இந்த உப்பைக் கரைத்தால் தண்ணீர் கொஞ்சம் குளிர்கிறது. ஆக, அயனி–தண்ணீர் விசையிலோ அயனி–அயனி விசையிலோ ஒரு சதவீதம் பிசகினாலே 7 கிலோஜூல். தராசு எந்தப் பக்கமும் சாயலாம், உங்களுக்குப் படிகத்தின் பக்கம் சாய்ந்துவிட்டது. ஆற்றல் வரைபடத்தில் எதுவும் தெரியாததற்கும் இதுதான் காரணம். நிரல் தன் வேலையைச் சரியாகத்தான் செய்கிறது.

ஜுங், சீத்தம் 2008இல் தந்த எண்களைப் போடுங்கள். நீரேற்ற ஆற்றலோடு படிகத்தின் பிணைப்பாற்றலையும் அணிக்கோவை நீளத்தையும் (படிகத்தில் அதே அமைப்பு மீண்டும் வரும் இடைவெளி) சேர்த்தே பொருத்தியவை. டிப்3பிக்கு:

பொட்டாசியம்: சிக்மா 0.30380, எப்சிலான் 0.81037
குளோரைடு: சிக்மா 0.44777, எப்சிலான் 0.14891

நானோமீட்டர், கிலோஜூல்/மோல் அலகில் மாற்றித்தான் தந்திருக்கிறேன். இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள். பொட்டாசியத்தை மட்டும் மாற்றினால் இன்னொரு பொருந்தா ஜோடிதான் கிடைக்கும். தண்ணீர் எஸ்பிசி/ஈ என்றால் வேறு எண்கள், டிப்4பி-ஈடபிள்யூ என்றால் வேறு. மூன்று பட்டியல்களையும் கலப்பவர்களை அடிக்கடி பார்க்கிறேன், அதனால்தான் சொல்கிறேன்.

ஓரமா_ஒருத்தன்

நான் வேறு வழி சொல்வேன். நிலையான மின்சுமை மாடல்களில் சுற்றுப்புறத்தின் எலக்ட்ரான்கள் அசைவதே இல்லை. நிஜத் தண்ணீரில் அந்த அசைவு மட்டுமே அயனிகளுக்கு இடையிலான விசையை 1.78 மடங்கு குறைக்கிறது. அதை ஈடுகட்ட அயனியின் மின்சுமையை 1.78இன் வர்க்கமூலத்தால் வகுத்தால் 0.75 வரும். பிளஸ் 1க்குப் பதில் பிளஸ் 0.75 கொடுங்கள், கட்டி போய்விடும். லியோன்டியேவ், ஸ்டுச்செப்ருகோவ் இதைத் தெளிவாக எழுதியிருக்கிறார்கள்.

நள்ளிரவு_கிளஸ்டர்

கருத்து எனக்கும் பிடிக்கும், இயற்பியலும் சரி. ஆனால் இவருடைய பெட்டியில் டிஎன்ஏ இருக்கிறதே. அதன் மின்சுமையைத் தாங்கும் ஃபாஸ்பேட்டுகள் முழு மைனஸ் 22இல் இருக்க, 22 பொட்டாசியத்தை 0.75 ஆக்கினால் மொத்தம் 16.5. பெட்டி மைனஸ் 5.5இல் நிற்கும். சமன் செய்ய இன்னும் அயனி சேர்த்தால் டிஎன்ஏவைச் சுற்றியுள்ள எண்ணிக்கையே தப்பாகிவிடும், அவர் அளக்க வந்ததே அதைத்தான். டிஎன்ஏவின் மின்சுமையையும் சுருக்கினால் ஆம்பரின் மற்ற எல்லாப் பொருத்தமும் கலையும். மாட்ரிட்-2019 என்ற அயனிப் பட்டியலின் எண்கள் 0.85 மின்சுமையோடு நன்றாக வேலை செய்கின்றன, ஆனால் அவை டிப்4பி/2005 தண்ணீருக்கென்றே செய்தவை. வெறும் உப்புத் தண்ணீர் ஆய்வு என்றால் நானும் அந்தப் பக்கம்தான்.

ஓரமா_ஒருத்தன்

டிஎன்ஏவைக் கவனிக்கவில்லை. சரி, இங்கே ஜுங்–சீத்தமே போதும்.

நீர்க்கூடு

நன்றி அக்கா. கட்டி வருவதற்கு முந்திய முதல் 10 நானோசெகண்டை மட்டும் வைத்து முடிவு எழுதலாமா? கணினி நேரம் கிடைப்பது குதிரைக்கொம்பாக இருக்கிறது.

நள்ளிரவு_கிளஸ்டர்

வேண்டாம். கட்டி கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே அயனிகள் தேவைக்கு மேல் ஜோடி சேர்ந்திருக்கும். ஜோடியாகிவிட்ட பொட்டாசியம் டிஎன்ஏ பக்கம் போகாது, எனவே நிஜமான செறிவு 0.5க்குக் கீழே போய்விடும்.

டிஎன்ஏவோடு நீண்ட ஓட்டம் போடும் முன் உப்புத் தண்ணீரை மட்டும் சோதியுங்கள், அதற்கு அதிக நேரம் ஆகாது. இரண்டு பக்கமிருந்தும் தொடங்குங்கள். ஒன்று, அயனிகளைச் சிதறவிட்ட பெட்டி. இன்னொன்று, பழைய எண்களில் உருவான கட்டியோடு கூடிய பெட்டி. இரண்டும் ஒரே ஜி-ஆர் வளைவுக்கு வந்து சேர்ந்தால் நம்பலாம். சிதறிய பெட்டியில் கட்டி வரவில்லை என்பது மட்டும் போதாது, தாமதமாகத் தொடங்கும் திரளலும் உண்டு. குரோமாக்ஸின் கிளஸ்ட்சைஸ் கருவி திரள் அளவைத் தரும். தூர வரம்பை முதல் சிகரத்துக்கு அடுத்த பள்ளத்தில், 0.4 நானோமீட்டர் பக்கம், வையுங்கள்.

நீர்க்கூடு

செய்து பார்த்தேன். கட்டியோடு தொடங்கிய பெட்டி சில நானோசெகண்டில் ஓரத்திலிருந்து கரைந்து முழுக்கக் கலைந்துவிட்டது. இரண்டு வளைவுகளும் ஒன்றன்மேல் ஒன்று உட்காருகின்றன. 0.31இல் சின்னச் சிகரம் இன்னும் இருக்கிறது, அது இருக்க வேண்டியதுதானே?

டிஎன்ஏ ஓட்டத்தைப் புதிதாகத் தொடங்கிவிட்டேன். அடுத்து இதே பெட்டியில் மக்னீசியம் போடச் சொல்கிறார் என் வழிகாட்டி. அதற்கும் இதே பட்டியலில் எண் கிடைக்குமா?

நள்ளிரவு_கிளஸ்டர்

ஆமாம், நேரடியாக ஒட்டிய ஜோடிகள் கொஞ்சம் இருக்கத்தான் வேண்டும்.

மக்னீசியத்துக்கு அந்தப் பட்டியலில் இடமில்லை, அது ஒற்றை மின்சுமை அயனிகளுக்கானது. அதோடு மக்னீசியத்தை ஒட்டிய தண்ணீர் ஒன்று இடம் மாறவே மைக்ரோசெகண்ட் அளவு நேரம் ஆகும். வெறும் அயனியாகப் போட்டால் முதலில் எந்த ஃபாஸ்பேட்டில் ஒட்டியதோ அங்கேயே உங்கள் ஓட்டம் முடியும்வரை உட்கார்ந்திருக்கும். ஆறு தண்ணீரோடு சேர்த்தே பெட்டியில் வையுங்கள். ஃபாஸ்பேட்டோடு அதற்குள்ள ஈர்ப்பைச் சவ்வூடு அழுத்தத்தை வைத்துத் திருத்திய எண்களை யூ, அக்ஸிமென்டியேவ் 2012இல் வெளியிட்டிருக்கிறார்கள், அங்கிருந்து தொடங்கலாம்.